‘அப்படியே எங்கட கதைதானே!’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜோர்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலைப் பற்றி, சனத்தை இரவும் பகலும் கண்காணிக்கிற ஒரு கட்சி ஆட்சியின் கதை அது, நாலு பந்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் பார்த்தால், ஆளுக்காள் சொல்லிவைத்த மாதிரி ஒரே வசனம்: ‘இது அப்படியே எங்கட கதைதானே!’ சரி, இந்த முறை முழுவதும் அதையே பேசுவோம்.

கேள்வி: அந்த நாவலில் வீட்டுச் சுவரில் இருக்கிற திரை ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிறது, எந்த நேரம் கதவு தட்டுப்படும் என்றும் தெரியாது. சண்டைக் காலத்தில் இங்கே வளர்ந்த எனக்கு ஒன்றும் புதிதாயில்லை. 1949இல் வந்த புத்தகத்தில் இதை எப்படி எழுதினார்? தீர்க்கதரிசியா? – கல்லடி வாசகர்

பதில்: தீர்க்கதரிசியெல்லாம் இல்லை, கண்டதை எழுதினவர். பிறந்தது 1903இல், பீகாரிலுள்ள மோதிஹாரியில். வளர்ந்து பர்மாவில் ஐந்து வருசம் வெள்ளைக்காரரின் பொலிசில் வேலை பார்த்தார், அதனால் கதவு தட்டுகிற பக்கம் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அப்புறம் அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய ஜெனரல் பிராங்கோவின் படைக்கு எதிராகச் சண்டை பிடிக்க ஸ்பெயினுக்குப் போனார். அங்கேதான் விசயம் இருக்கிறது. எதிரியின் சூடு கழுத்தில் பட்டும் பிழைத்த மனிதரை, 1937இல், ஒரே பக்கம் நின்று போராடிய இன்னோர் அணி துரோகி என்று தேடத் தொடங்கியது. அவர் இருந்த அணியைத் தடைசெய்தார்கள், கூட நின்றவர்கள் சிறைக்குப் போனார்கள், நடக்காத சண்டையெல்லாம் பேப்பரில் வந்தது. மனைவியோடு பிரான்சுக்குத் தப்பிப் போனார். எண்பதுகளின் நடுவில் தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று துரோகி என்று வேட்டையாடியதைக் கண்ட நம் வயதுக்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? அந்தப் புத்தகத்தில் இருப்பது வருங்காலம் என்பதைவிட, அவர் சுமந்துகொண்டு வந்த பழைய காலம். உங்களுக்கும் பழசாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

கேள்வி: சாக்லேட் பங்கீட்டை 30 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைத்துவிட்டு, மறுநாள் ‘20 கிராமாக உயர்த்தினதுக்கு’ சனம் நன்றி சொன்னதாகச் செய்தி வாசிக்கிற இடத்தில் எனக்கு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் காலம்தான் ஞாபகம் வந்தது. நாங்களும் அப்படித்தானே சந்தோசப்பட்டோம்? – கல்முனையிலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: ஞாபகம் வரத்தான் செய்யும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீட்டர், 2023 ஏப்ரலில் அது 7 ஆனபோது நானும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினவன்தான். ஆனால் டீச்சர், நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவரோ தெரியாது, 4 ஏழானது கூட்டல், 30 இருபதானது கழித்தல். நாங்கள் கஷ்டத்தைக் கஷ்டம் என்று தெரிந்துகொண்டே அனுபவித்தோம். பெற்றோல் தாராளமாக இருக்கிறது என்று வரிசையில் நின்ற ஒருவரும் நம்பவில்லை, நம்பியிருந்தால் 2022 ஜூலை 9இல் கொழும்பில் அவ்வளவு சனம் திரண்டிருக்காது. அந்த நாவலில் பயங்கரம் பங்கீடு குறைந்தது அல்ல, நேற்று 30 இருந்தது என்ற ஞாபகமே ஒருவரிடமும் இல்லாமல் போவதுதான்.

அதற்கு ஒப்பாக இங்கே ஒன்றைத் தேடினால் கொஞ்சம் சங்கடமான இடத்துக்குப் போக வேண்டிவரும். 1990ஐ எடுங்கள். ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து தமிழர்களைப் பிடித்துப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எல்லாம் ஒரே மட்டக்களப்பு மாவட்டம், ஆறு கிழமைக்குள் நடந்தவை. இந்த மூன்று தேதியையும் சேர்த்துச் சொல்லக்கூடிய ஒருவரை உங்கள் தெருவில் காட்டுங்கள் பார்ப்போம். தன் ஆட்களுக்கு நடந்த தேதி அச்சொட்டாக நினைவிருக்கும், பக்கத்து ஊரின் தேதி ‘அப்படியும் ஏதோ நடந்தது’ என்று போய்விடும். நாவலில் பழைய பேப்பரைத் திருத்துவதற்கு ஓர் அமைச்சே இருக்கிறது, சம்பளத்துக்கு ஆள் வைத்து. நாங்கள் சம்பளமில்லாமலே செய்கிறோம்.

கேள்வி: புத்தகங்களை எரிக்கிற அந்த அமெரிக்க நாவலை வாசித்து அழுதுவிட்டேன். யாழ்ப்பாண நூலகத்தைத்தானே சொல்கிறார்? – அக்கரைப்பற்று

பதில்: ரே பிராட்பரியின் ‘பாரன்ஹீட் 451’. வந்தது 1953இல், நூலகம் எரிந்தது 1981இல். அழுகை நியாயமானது, அதில் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் அதில் புத்தகம் எரிப்பதே வேலையாயுள்ள தீயணைப்புப் படையின் தலைவன் பேசுகிற பேச்சை இன்னொரு தரம் வாசியுங்கள். அரசாங்கம் சட்டம் போட்டு இது தொடங்கவில்லை, முதலில் சனம்தான் வாசிப்பதை விட்டது என்கிறான். யாழ்ப்பாணத்தில் நடந்தது அதற்கு நேரெதிர், வாசிக்கிற சனத்தின் நூலகம் என்பதால்தான் அது எரிந்தது. எங்கள் நெருப்பை நினைத்து அழுதால் அவர் சொன்ன நெருப்பு கண்ணில் படாது. போன மாசம் நீங்கள் நூலகத்தில் எத்தனை புத்தகம் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கேள்வி: ‘1984’இல் உங்களை அதிகம் பயப்படுத்திய இடம் எது? எனக்கு நாயகனின் முகத்துக்கு நேரே கொண்டுவருகிற அந்த எலிக்கூடு. – வாழைச்சேனை

பதில்: எலியை விடுங்கள், வயலுக்குப் போகிற ஆட்கள் நாங்கள். எனக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸ். கட்சிக்கு விழுந்து விழுந்து வேலை செய்கிற அப்பாவி, கடைசியில் அவரும் கூண்டுக்குள் வருகிறார். காட்டிக்கொடுத்தது யார்? அவருடைய ஏழு வயது மகள். நித்திரையில் தலைவருக்கு எதிராகப் புலம்பினாராம், திறப்புத் துவாரத்தில் காது வைத்துக் கேட்டுச் சொல்லிவிட்டாள். மனுசன் மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார்!

இதை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். சின்ன வயதில் ஒரு சுற்றிவளைப்பில் எங்களையெல்லாம் மைதானத்தில் வெயிலில் இருத்தி, பிறகு ஒவ்வொருவராக ஒரு வாகனத்துக்கு முன்னால் நடக்கவைத்தார்கள். உள்ளே ஆளைக் காட்டிக்கொடுக்க முகத்தில் சாக்குப் போட்டு இருத்திய தலையாட்டி, இரண்டு ஓட்டைக்குள்ளால் இரண்டு கண். அவன் தலையாட்டினால் முடிந்தது. எனக்கு ஆட்டவில்லை. எனக்கு முன்னால் நடந்தவருக்கு ஆட்டினான், அந்த நேரம் என் நெஞ்சுக்குள் வந்தது கவலை இல்லை, ‘அப்பாடா’ என்ற ஒரு நிம்மதி. இன்றைக்கும் அதை வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

எங்கட கதை, எங்கட கதை என்கிறோமே, வாசிக்கும்போது எல்லோரும் நாவலின் நாயகன் வின்ஸ்டனாகத்தான் மாறுகிறோம், அடிவாங்குகிற ஆளாக. பார்சன்ஸின் மகள் நான்தான் என்று எழுதிய ஒரு கடிதமாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்தச் சாக்குக்குள் இருந்தவனும் எங்கேயோ ஒரு தாய்க்குப் பிள்ளைதான், அவனுக்கு என்ன செய்து அங்கே கொண்டுவந்து இருத்தினார்களோ. அவன் ஒரு நாவல் எழுதினால் முதல் ஆளாக நான் வாங்குவேன்.

கேள்வி: இப்படியொரு கதையை இங்கே எழுதினால் உள்ளே போடுவார்களா? – திருக்கோவில், இளம் எழுத்தாளர்

பதில்: மறைக்காமல் சொல்கிறேன். ஷக்திக சத்குமார சிங்களத்தில் எழுதிய ஒரு சிறுகதைக்காக 2019இல் நாலு மாசமளவில் விளக்கமறியலில் இருந்தார். மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீம் ஒரு தமிழ்க் கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டு, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார், பிறகு வழக்கிலிருந்தும் விடுதலையானார். அந்தச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்தது. 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்துவிட்டது. வாசகர் எதிர்வினை என்று பார்த்தால், பொலிசுக்குப் புகார் எழுதுகிற வாசகரைவிடக் கதையைத் தீவிரமாக நம்புகிற வாசகர் யாரும் இல்லை. எழுதுங்கள் தம்பி. எழுதி முடிந்ததும் ஒரு பிரதியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள், ஒரு நல்ல சட்டத்தரணியின் போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: புத்தகம் கடையில் கிடைக்கவில்லை. உங்களிடம் இருந்தால் இரவல் தருவீர்களா? – ஏறாவூர்

பதில்: என் பிரதியை ஆரையம்பதிக்காரர் ஒருவர் ‘ரெண்டு நாளில் தாறேன்’ என்று வாங்கிப்போய் மூன்று மாசமாகிறது. இந்தப் பகுதியை அவர் தவறாமல் வாசிப்பார் என்று தெரியும். பெயர் சொல்லமாட்டேன், தலையும் ஆட்டமாட்டேன். தந்தவுடன் அடுத்தது உங்களுக்கு.