சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குக் கணினி அறநெறியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சட்டத்தைச் சொன்னால் போதாதா?

போதாது. சேலத்தில் லேப்டாப், மொபைல் சர்வீஸ் கற்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அனுமதியில்லாமல் ஒருவரின் அந்தரங்கப் படத்தை எடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். ஆனால் வாடிக்கையாளரின் படங்களைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பவன், "நான் யாருக்கும் அனுப்பலையே சார்" என்பான்.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் ஒரு கல்லூரிப் பெண்ணின் லேப்டாப் டிஸ்ப்ளே மாற்ற வந்தது. சீனியர் ஒருவர் போட்டோ ஃபோல்டரைத் திறந்து மற்றவர்களையும் கூப்பிட்டார். நான் போகவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அது இன்றும் உறுத்துகிறது. வகுப்பை இந்தக் கதையில்தான் தொடங்குகிறேன்.

அப்புறம் பிள்ளைகள் வேலை பார்க்கும் கடையின் ஜாப் கார்டையே, அதாவது சர்வீஸுக்கு வரும் பொருளின் விவரம் எழுதும் அட்டையையே, எடுத்துக்கொள்வோம். பேட்டரி மாற்ற பின் நம்பர் எதற்கு? வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கத்தில் கேட்டு, கார்டு மேலேயே எழுதி வைக்கிறோம். சாம்சங் போன்களில் 2022 முதலும், கூகுள் பிக்சலில் 2023 கடைசியிலிருந்தும் சர்வீஸுக்கென்றே தனி மோட் வந்திருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் படம், மெசேஜ் எதுவும் நமக்குத் தெரியாது, போனைச் சோதிக்கலாம். வாடிக்கையாளருக்கு இதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அதிக நேரம் எடுப்பது பேக்கப் டிஸ்க் விஷயத்துக்கு. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து லேப்டாப் கொடுப்பவர், பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார். விண்டோஸ் புதிதாகப் போடுமுன் அவருடைய கணக்கு, ஆதார் நகல், குடும்பப் படம் எல்லாம் கடை டிஸ்க்குக்கு ஏறும். வேலை முடிந்தபின் அங்கேயே கிடக்கும், வருஷக்கணக்கில். சரி, டிலீட் செய்தால்? ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தில் வேறு தகவல் எழுதப்படும்வரை பழையது மீட்கக்கூடியதே. ஒரு பழைய டிஸ்க்கில் நான் அழித்த என் சொந்தப் படங்களை வகுப்பிலேயே மீட்டுக் காட்டுவேன். அறை அமைதியாகிவிடும். டெலிவரியின்போது வாடிக்கையாளர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தவுடன், கடை டிஸ்க்கில் உள்ள நகலை அவர் கண்ணெதிரே மேலெழுதி அழிக்கப் பழக்குகிறேன்.

முதல் வகுப்பில் கடை முதலாளியும் உட்கார வேண்டும். முதலாளியே "திறந்து பாருடா" என்றால் 19 வயதுப் பையன் எப்படி மறுப்பான்? வர மறுக்கும் கடைகளின் பிள்ளைகளை நான் சேர்ப்பதில்லை.