குதிரையைப் பின்தொடரும் கேமரா: எதை வாங்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் இரண்டு வருடமாகப் பயிற்சி எடுக்கிறாள். வாரம் மூன்று நாள், காலையில் 45 நிமிட வகுப்பு. ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்துப் பார்த்தால் உட்காரும் முறை சீக்கிரம் சரியாகும் என்கிறார் கோச். இப்போது நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கையும் வலிக்கிறது, படமும் ஆடுகிறது. ஆளைத் தானாகவே பின்தொடர்ந்து திரும்பும் கேமரா இருக்கிறதாமே, எது நல்லது? 20,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். மைதானம் 20-க்கு 40 மீட்டர். – கோவை வாசகி

பதில்: எதையும் ஆர்டர் செய்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். காசு செலவில்லை. அடுத்த வகுப்பில், மைதானத்தின் நீளப் பக்கத்துக்கு நடுவே 'பி' அல்லது 'ஈ' என்று பலகை வைத்திருப்பார்களே, அங்கே வேலியை ஒட்டி நில்லுங்கள். ஜூம் எதுவும் வேண்டாம். மகள் எதிர்ப்பக்க மூலையில் திரும்பும்போது பத்து நொடி எடுங்கள். வீட்டில் டிவியில் போட்டு, அவளுடைய குதிகால் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

அநேகமாகத் தெரியாது. கணக்கு இதுதான். அந்த மூலை உங்களிடமிருந்து சுமார் 28 மீட்டர். போனின் சாதாரண லென்ஸ் அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட 39 மீட்டர் அகலத்தை ஒரே சட்டத்துக்குள் அடைக்கிறது. மூக்கு முதல் வால் வரை குதிரை இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதாவது படத்தின் அகலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 1080பி வீடியோவில் குதிகால் 5 செ.மீ. மேலே ஏறினால் திரையில் அது இரண்டு, மூன்று பிக்சல்தான். கோச் பார்க்கச் சொன்ன விஷயமே படத்தில் இருக்காது. அதே இடத்தில் 3 மடங்கு டெலிபோட்டோ லென்ஸ் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்) வைத்தால் ஏழு பிக்சல் கிடைக்கும். அப்போது பேச்சே வேறு.

அதனால்தான் சொல்கிறேன்: விளம்பரங்கள் எல்லாம் "ஏஐ டிராக்கிங்" என்று பெரிய எழுத்தில் போடுகின்றன. நீங்கள் காசு கொடுக்க வேண்டியது படத்தில் குதிரை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு. பின்தொடர்வது அதற்கு அடுத்ததுதான். குதிரை நடுவிலேயே இருந்து, கட்டைவிரல் அளவில் தெரிந்தால் அந்த வீடியோவை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை.

இடம்தான் பாதி வேலையைச் செய்கிறது. வேலியை ஒட்டி வைத்தால் குதிரை கேமராவுக்கு மூன்று நான்கு மீட்டர் பக்கத்தில் கடக்கும். கேன்டரில், அதாவது மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில், குதிரை நொடிக்குச் சுமார் 6 மீட்டர் போகும். 5 மீட்டர் தூரத்தில் கடந்தாலே கேமரா நொடிக்கு 70 டிகிரி வேகத்தில் திரும்ப வேண்டும். பல கருவிகள் அங்கேதான் குதிரையை விட்டுவிட்டு வாலைத் தேடும். வேலியிலிருந்து 10 மீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் அந்த வேகம் பாதியாகக் குறையும். 3 மடங்கு லென்ஸில் பக்கத்தில் வரும்போது முழுக் குதிரையும் அடங்கும், எதிர் மூலையிலும் சாதாரண லென்ஸில் தெரிந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. அங்கிருந்து மொத்த மைதானத்தையும் பார்க்க 130 டிகிரி திரும்பினால் போதும். 360 டிகிரி முடிவில்லாமல் சுற்றும் கருவி என்று கூடுதல் விலை சொன்னால், மைதானத்தின் நடுவில் வைப்பவர்களுக்குத்தான் அது தேவை. உங்களுக்குத் தேவையில்லை. பின்னால் போக இடமே இல்லையென்றால் மூலையில் வையுங்கள். அங்கே 90 டிகிரி போதும், ஆனால் எதிர் மூலை 45 மீட்டராகிவிடும்.

இனி கருவிகள். உங்கள் தொகைக்குள் வருபவை போனை மாட்டித் திருப்பும் வகை. கொரியாவில் உருவான பிவோ என்ற சுழலும் தாங்கியின் செயலியில் குதிரைக்கென்றே தனி முறை இருக்கிறது. மனித முகத்தைத் தேடாமல் குதிரையின் உருவத்தைத் தேடும். ஹெல்மெட் போட்டுப் பக்கவாட்டில் போகிற பிள்ளையின் முகம் 20 மீட்டரில் எந்தச் செயலிக்கும் பிடிபடாது என்பதால் இது உண்மையிலேயே பயனுள்ள வசதி. இன்ஸ்டா360 ஃப்ளோ, டிஜேஐ ஓஸ்மோ மொபைல் வரிசைகளில் திரையில் குதிரையைச் சுற்றிக் கட்டம் போட்டால் அதைப் பின்தொடரும். இவை கையில் பிடிக்கும் கிம்பல்கள், அதாவது படம் ஆடாமல் போனைத் தாங்கித் திருப்பும் கருவிகள். டிரைபாடில் மாட்டியும் வைக்கலாம்.

படத்தைப் பார்த்தே பின்தொடரும் இவை எல்லாவற்றுக்கும் ஒரு பலவீனம் பொது. ஒரு சனிக்கிழமை காலை, நண்பர் மகளின் வகுப்பில் இரவல் வாங்கிய கிம்பல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். முதல் எட்டு நிமிடம் அருமையாகப் பின்தொடர்ந்தது. அப்புறம் ஆரஞ்சுச் சட்டை போட்ட சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்) ஒருவர் இன்னொரு குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக லாயத்துக்குப் போனார். கேமரா அவரோடு போய்விட்டது. மீதி அரை மணி நேரமும் லாயத்தின் கதவும், அதில் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக் குதிரையும்தான். பிள்ளை ஆசையாக வந்து பார்த்தபோது ஒன்றும் சொல்ல முடியவில்லை. மகளோடு இன்னும் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்றால், இந்த வகையை நம்பிக் காசு போடாதீர்கள். தனி வகுப்பு என்றால் தாராளமாக வாங்கலாம்.

கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். பின்தொடரும்போது உங்கள் போனின் டெலிபோட்டோ லென்ஸைச் செயலி பயன்படுத்த விடுமா? எந்தெந்த வசதிக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும்? முதல் கேள்விக்கு "டிஜிட்டல் ஜூம் இருக்கு சார்" என்று பதில் வந்தால் அது பதிலில்லை. இருக்கிற பிக்சலை ஊதிப் பெரிதாக்குவதுதான் அது.

உங்கள் போனில் டெலிபோட்டோ லென்ஸே இல்லையென்றால் என் கருத்து வேறு. டிராக்கிங் கருவியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஃப்ளூயிட் ஹெட் (குலுங்காமல் வழுக்கித் திரும்பும் தலைப்பகுதி) உள்ள நல்ல டிரைபாட் ஒன்று வாங்கி, நீங்களே மெதுவாகத் திருப்புங்கள். கை வலி அன்றைக்கே போய்விடும், படமும் ஆடாது. மிச்சப் பணம் அடுத்த போனுக்கு உதவும்.

வைக்கும் விதத்தில் சில விஷயங்கள். லென்ஸ் வேலிக் கட்டைக்கு மேலே இருக்கட்டும், இல்லையென்றால் கட்டையின் மேல் ஃபோகஸ் போய் நிற்கும். காலை வெயில் கேமராவின் முதுகில் விழ வேண்டும். நொடிக்கு 60 பிரேம் வையுங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது கால் எங்கே நழுவுகிறது என்று தெரியும். ஐபோனில் 1080பி, 60 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 90 எம்பி, ஒரு வகுப்புக்கு 4 ஜிபி. 4கே, 60 பிரேம் என்றால் 18 ஜிபி! வாரம் மூன்று வகுப்பு என்பதை நினைவில் வையுங்கள். ஐபோனை 35 டிகிரி வெப்பம் வரைதான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயிலில் குடை இல்லாமல் வைத்தால் பாதியில் நின்றுவிடும்.

அப்புறம், கேமராவை ஒரே இடத்தில் வைத்தே பழகிவிடாதீர்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது பக்கவாட்டில்தான் தெரியும். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறாளா என்பது குறுகிய பக்கத்தின் நடுவே இருக்கும் 'ஏ' அல்லது 'சி' பலகைக்குப் பின்னால் நின்று, நடுக்கோட்டில் நேராக வரும்போது பார்த்தால்தான் தெரியும். வாரத்தில் ஒரு நாள் அங்கே வையுங்கள். அந்த இடத்தில் கேமரா திரும்பவே வேண்டியதில்லை.

கேள்வி: நான் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். ஒரே நேரத்தில் ஆறு குதிரைகள் ஓடும். கையில் பட்டை கட்டிக்கொண்டால் அந்த ஆளை மட்டும் பின்தொடரும் கேமரா உண்டாமே? ஜிபிஎஸ் வகை ஒன்று பழையதாக விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: பட்டை வகை உங்களுக்குச் சரியான தேர்வு. ஜிபிஎஸ் பட்டை சரியில்லை.

ஜிபிஎஸ் இடத்தைச் சொல்வதில் 3 மீட்டர் வரை பிசகுவது சாதாரணம். கடலில் 100 மீட்டருக்கு அப்பால் அலைச்சறுக்கு ஆடுபவரைப் படம் எடுத்தால் அந்தப் பிசகு 2 டிகிரிகூட வராது, கண்ணுக்கே தெரியாது. உங்கள் மைதானத்தில் குதிரை 10 மீட்டரில் இருக்கும்போது அதே பிசகு 17 டிகிரி. குதிரையே படத்துக்கு வெளியே போய்விடும். கூரை போட்ட மைதானம் என்றால் இன்னும் மோசம், ஜிபிஎஸ் சமிக்ஞையே ஒழுங்காக வராது.

பிரான்சில் பிரெஸ்ட் நகரத்து மூவ் அண்ட் சீ நிறுவனத்தின் பிக்சியோ வேறு வழியில் வேலை செய்கிறது. மைதானத்தைச் சுற்றி மூன்று பீக்கன்கள் (ரேடியோ அலைக் கருவிகள்) வைக்க வேண்டும், ஓட்டுபவர் கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்வார். இவற்றுக்கு நடுவே போகும் ரேடியோ அலையை வைத்து இடத்தைக் கணிக்கிறது; ஜிபிஎஸ் கிடையாது. கூரைக்கு உள்ளேயும் வெளியேயும் வேலை செய்யும். ஐரோப்பாவில் குதிரையேற்றக்காரர்கள் விரும்பி வாங்குவதற்குக் காரணம் இதுதான். எத்தனை குதிரை குறுக்கே போனாலும் கடிகாரம் கட்டிய கையைத்தான் பார்க்கும். அதே நிறுவனத்தின் பிக்செம், போனையோ டேப்லெட்டையோ மாட்டிப் பயன்படுத்தும் வகை.

விலை கூடுதல்தான். பள்ளி என்பதால் ஆறு மாணவர்களும் மாறி மாறிக் கட்டிக்கொள்ளலாம், அந்தக் கணக்கில் பார்த்தால் தாங்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் சுங்க வரி, ஐஜிஎஸ்டி எல்லாம் சேர்த்த தொகையை முதலில் கேட்டு வாங்குங்கள். பழுதானால் இந்தியாவிலேயே பார்ப்பார்களா, பெட்டியை பிரான்சுக்கு அனுப்ப வேண்டுமா, அந்தச் செலவு யாருடையது என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு உத்தரவாதத்தை நம்பி இவ்வளவு பணம் போடக்கூடாது.

பழைய கருவி எதை வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள். அதன் செயலி இன்றைய போனில் ஓடுகிறதா என்று விற்பவர் முன்னாலேயே பதிவிறக்கிப் பாருங்கள். நிறுவனம் செயலியை விட்டுவிட்டால் இயந்திரம் நன்றாக இருந்தும் பயனில்லை.

கேள்வி: இணையக் கடையில் "முகத்தைப் பின்தொடரும் தாங்கி, 10 மீட்டர் வரை" என்று போட்டிருந்ததை நம்பி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். குதிரை 4 மீட்டர் தள்ளிப் போனாலே நின்றுவிடுகிறது. "கருவி பழுதில்லை, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பழுதான பொருளை மட்டுமல்ல, விளம்பரத்தில் சொன்ன தன்மையோ வசதியோ இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. "10 மீட்டர்" என்று போட்டது அவர்கள்தான்.

இன்றைக்கே அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடலாம். அளவு நாடாவைத் தரையில் விரித்து, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று ஒரே வீடியோவாக எடுங்கள். இரண்டையும் இணைத்து அந்தத் தளத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1,800 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கேள்வி: பின்தொடரும் தலைவலியே வேண்டாம், 360 டிகிரி கேமராவை நடுவில் வைத்துவிட்டால்? இல்லையென்றால் ட்ரோன்?

பதில்: 360 கேமரா சுற்றிலும் எல்லாவற்றையும் எடுத்துவிடும், பிறகு வேண்டிய பக்கத்தை வெட்டிக்கொள்ளலாம். 20 மீட்டர் வட்டத்தில் லஞ்ச் கயிற்றில் (நடுவில் நிற்பவர் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்டும் நீண்ட கயிறு) ஓட்டும்போது அது நன்றாக இருக்கும், குதிரை எப்போதும் 10 மீட்டரிலேயே இருக்கிறது. முழு மைதானத்துக்குப் போதாது. 8கே என்றாலும் அது சுற்றுவட்டம் முழுவதற்குமான 8கே. நீங்கள் வெட்டியெடுக்கும் துண்டில் அதில் சின்னப் பங்குதான் மிஞ்சும். ஒவ்வொரு வகுப்புக்கும் வெட்டி ஒட்ட உட்காரவும் நேரம் வேண்டும்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம். தலைக்கு மேல் திடீரென்று வரும் இரைச்சல், குதிரைக்குத் தன்னைத் துரத்தும் ஏதோ ஒன்று. மேலே உட்கார்ந்திருப்பது பிள்ளை. டிரைபாடைக்கூட குதிரை மைதானத்துக்குள் வருவதற்கு முன்பே வைத்து, நாடா, பை எதுவும் காற்றில் படபடக்காமல் கட்டிவிடுங்கள். முதல் நாள் குதிரையை அதன் பக்கத்தில் நடத்திக் கூட்டிப்போய், மோந்து பார்க்க விடுங்கள். ஏற்கெனவே ஒரு மூலையைக் கண்டால் மிரளுகிற குதிரை என்றால் அந்த மூலையில் கேமராவை வைக்காதீர்கள்; எங்கே வைக்கலாம் என்று சைஸைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்.