ரீனியம் படிக அறிக்கை: அஞ்சவேண்டியது எச்சரிக்கைக்கா, குட்டையான பிணைப்புக்கா?

கேள்வி: இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பென்டாகார்பனைல்குளோரோரீனியத்தையும், இரு பாதியும் ஒரே மாதிரியான ஒரு பைபிரிடின் ஈனியையும் (உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு) டொலுயீனில் கொதிக்கவைத்து மஞ்சள் படிகங்கள் எடுத்தேன். படிக ஆய்வுக்கூடத்தின் அறிக்கையில், ரீனியத்திலிருந்து 0.85 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) தொலைவில் விளக்கப்படாத மின்னணு அடர்த்தி இருப்பதாக ‘பி’ நிலை, அதாவது கடுமையில் இரண்டாம் நிலை, எச்சரிக்கை வந்துள்ளது. ஒரு கார்பனைலின் (ரீனியத்துடன் பிணைந்த கார்பன் மோனாக்சைடின்) கார்பன்–ஆக்சிஜன் நீளம் 0.98 ஆங்ஸ்ட்ராம் என்றும் உள்ளது. பேராசிரியர் வெளிநாட்டில் இருக்கிறார். இணையத்தில் கண்ட ஒரு சேவையினர், சில நூறு வெள்ளி கொடுத்தால் எச்சரிக்கைகளை நீக்கித் தரவைக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் பதிந்து தருவதாகச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, கிளமெண்டி, சிங்கப்பூர்

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எந்த எச்சரிக்கையைக் கண்டு தூக்கம் இழந்திருக்கிறீர்களோ அது பெரும்பாலும் தீங்கற்றது. போகிற போக்கில் ஒரே வரியில் குறிப்பிட்டிருக்கிறீர்களே, அந்த 0.98தான் கவனிக்கவேண்டியது.

எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை மின்னணுக்கள். ரீனியத்தில் 75, கார்பனில் வெறும் 6. அத்துடன் ரீனியம் அந்தக் கதிரை வலுவாக உறிஞ்சவும் செய்கிறது; படிகம் தட்டையாகவோ நீளமாகவோ இருந்தால், ஒரு திசையில் கதிர் அதிகமாகவும் மற்றொரு திசையில் குறைவாகவும் குன்றிப்போகும். இதற்கான திருத்தத்தை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிறு பிழை எஞ்சும். அந்தப் பிழை, கனமான அணுவை ஒட்டி ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குள் சிற்றலைகளாகத் தேங்கும். அந்தத் தொலைவில் எந்த அணுவும் ரீனியத்துடன் பிணைந்திருக்க இயலாது. ஆகவே அது அணு அன்று, எச்சம். செக்சிஃப் என்னும் சோதனை நிரல் அதைச் சுட்டிக்காட்டுவது உங்களிடம் விளக்கம் கேட்பதற்காகவே. குற்றம் சாட்டுவதற்காக அன்று. எச்சரிக்கையின் எழுத்தைத் தேர்வுத் தரநிலைபோல வாசிக்க மாணவர்களைப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கத்தால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

இனி 0.98. உலோகத்துடன் பிணைந்த கார்பன் மோனாக்சைடில் அந்த நீளம் ஏறக்குறைய 1.15 ஆங்ஸ்ட்ராம் இருக்கவேண்டும். எந்த வேதியியலும் அதை 0.98க்குச் சுருக்காது. உங்கள் சேர்மத்தில் ரீனியத்தைச் சுற்றியுள்ள ஆறு பிணைப்புகளும் ஓர் எண்முகியாக அமைகின்றன; மூன்று கார்பனைல்கள் அதன் ஒரே முகத்தில் இருக்கின்றன. இரண்டு பைபிரிடினின் நைட்ரஜன்களுக்கு எதிரில், மூன்றாவது குளோரினுக்கு எதிரில். குட்டையாகத் தெரிவது அந்த மூன்றாவதுதான் என்று அறிக்கையைப் பார்க்காமலேயே சொல்வேன். பைபிரிடினின் நடுவழியாகச் செல்லும் அச்சில் இந்த மூலக்கூற்றை அரைச்சுற்றுத் திருப்பினால், பைபிரிடினும் அதற்கு எதிரிலுள்ள இரு கார்பனைல்களும் தத்தம் இடத்திலேயே வந்து பொருந்தும். குளோரினும் மூன்றாவது கார்பனைலும் மட்டும் இடம் மாறும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு இடத்தை அடைப்பதால், படிகம் வளரும்போது சில மூலக்கூறுகள் நேராகவும் சில தலைகீழாகவும் அமர்ந்துவிடுகின்றன. கருவி காட்டுவது இவை அனைத்தின் சராசரியை.

அதன் விளைவை எண்களில் பாருங்கள். ரீனியத்திலிருந்து கார்பனைல் கார்பன் சுமார் 1.9 ஆங்ஸ்ட்ராம், குளோரின் சுமார் 2.5, கார்பனைலின் ஆக்சிஜன் சுமார் 3.1. அதாவது, திரும்பி அமர்ந்த மூலக்கூறுகளின் குளோரின், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் போய் விழுகிறது. அங்கே குளோரின் உண்டு என்று கணினிக்கு யாரும் சொல்லவில்லை. அது அந்த அடர்த்தியை விளக்குவதற்காகக் கார்பனை வெளிப்பக்கமும் ஆக்சிஜனை உட்பக்கமும் இழுக்கிறது. ரீனியம்–கார்பன் நீண்டு, கார்பன்–ஆக்சிஜன் குறுகுகிறது. உங்கள் அட்டவணையில் அந்தக் கார்பன் மட்டும் ரீனியத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டியிருந்தால் ஐயமே வேண்டாம். இதற்குத் தீர்வு, இரு நிலைகளையும் தனித்தனிப் பகுதிகளாக எழுதி, இரண்டின் பங்கும் சேர்ந்து ஒன்றாகும்படி கட்டி, நீளங்களுக்கு நியாயமான வரம்பு வைத்து மீண்டும் செம்மைப்படுத்துவதே (அணு மாதிரியை அளவீட்டுடன் பொருத்துவதே). பழக்கமுள்ளவருக்கு இது ஒரு மதிய நேர வேலை.

இதனால் உங்கள் சேர்மம் தூய்மையற்றது என்று ஆகிவிடாது. நேராகவும் தலைகீழாகவும் அமர்ந்திருப்பது ஒரே மூலக்கூறுதான். ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. நீங்கள் வாங்கிய தொடக்கப்பொருள் குளோரைடா, புரோமைடா, அல்லது ஆய்வகத்தில் முன்பு யாரோ இரண்டையும் கலந்து வைத்த புட்டியா என்று பாருங்கள். புரோமின் சேர்மம் சிறிதளவு கலந்திருந்தாலும் இரண்டும் ஒரே படிகத்துக்குள் அமைதியாக அமர்ந்துகொள்ளும்; அப்போது நீங்கள் அளப்பது ஒரு பிணைப்பின் நீளத்தை அன்று, இரு வெவ்வேறு பொருள்களின் சராசரியை. இது கற்பனையான அச்சம் அன்று. 1970களில் ஒரு மாலிப்டினம் ஆக்சோ சேர்மத்தின் நீல வடிவமும் பச்சை வடிவமும், மாலிப்டினம்–ஆக்சிஜன் நீளத்தில் மட்டுமே வேறுபடுவதாக நம்பினார்கள். 1990களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஜெராட் பார்க்கினும் உடனிருந்தோரும், பச்சை என்பது நீலச் சேர்மத்தில் மஞ்சள் நிறக் குளோரைடு ஒன்று கலந்தது மட்டுமே என்று நிறுவினார்கள். அங்கும் ஆக்சிஜன் இருந்த இடத்தைக் குளோரின் பகிர்ந்துகொண்டதே காரணம். இந்த ஐயத்தை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைநிரல் அறிக்கையைக் கொண்டு தீர்க்க முயலாதீர்கள். இவ்வகைச் சேர்மங்கள் அந்தக் கருவிக்குள் ஹாலைடைக் கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் வெளிவருகின்றன, ஆகவே குளோரினானாலும் புரோமினானாலும் ஒரே உச்சிதான் தெரியும். தனிமப் பகுப்பாய்வு செய்யுங்கள். அதற்கான விண்ணப்பப் படிவத்தில் மேற்பார்வையாளரின் கையொப்பம் வேண்டும் என்று அலுவலகம் சொல்லும். மின்னஞ்சலில் ஒப்புதல் பெற்றால் போதாதா என்று கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

இப்போது அந்தச் சேவையினரைப் பற்றி. அவர்கள் விற்பவற்றில் நியாயமானவை எல்லாம் இலவசம். செக்சிஃப் சோதனை இலவசம். கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் பதிவது இலவசம். செம்மைப்படுத்தும் ஷெல்எக்ஸ்எல் நிரலும் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். எஞ்சுவது நியாயமற்றது: தொல்லை தரும் அளவீடுகளைச் சத்தமின்றி விலக்குவது, அல்லது படிக அமைப்பின் முடிவுகள் உள்ள சிஃப் கோப்பைத் திறந்து எண்ணைக் கையால் மாற்றுவது. 2013க்குப் பிந்தைய ஷெல்எக்ஸ்எல், அளவீட்டுத் தரவையும் அதற்குரிய சரிபார்ப்பு எண்ணையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது. கை வைத்தால் தடயம் நிற்கும். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா இதழின் ‘இ’ பிரிவு, 2010ஆம் ஆண்டின் முதல் இதழுடைய தலையங்கத்தில், குறைந்தது 70 படிக அமைப்புகள் பொய்யானவை என்று அறிவித்ததை உங்கள் ஆய்வுக்குழுவில் யாரேனும் சொல்லியிருக்கவேண்டும். உண்மையான ஒரு தரவை எடுத்து, அணுக்களை மாற்றி எழுதி, புதிய சேர்மம் என்று அனுப்பியிருந்தார்கள். இப்படி ஒரு பழி வந்தால் அது அந்தச் சேவை நிறுவனத்தின் மேல் விழாது, கட்டுரையில் பெயர் உள்ளவர் மேல்தான் விழும்.

மாணவர்கள் இப்படிப்பட்டவர்களிடம் போவதற்கு ஆய்வுக்கூடங்களும் ஒரு காரணம். படிகத்தைக் கொடுத்தால் சில வாரம் கழித்து ஒரு பிடிஎஃப் வருகிறது. அளவீட்டுக் கோப்பைக் கேட்டால் ‘எதற்கு?’ என்கிறார்கள். அது உங்கள் படிகம், உங்கள் தரவு. எச்கேஎல் கோப்பு (அளவீடுகள்), ஆர்இஎஸ் கோப்பு (செம்மைப்படுத்திய அணு மாதிரி), முடிந்தால் மூலப் படங்கள் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். எந்தக் கதிரைப் பயன்படுத்தினார்கள் என்றும் கேளுங்கள். ரீனியம் உள்ள படிகத்துக்கு, குறைவாக உறிஞ்சப்படும் மாலிப்டினம் கதிரே (மாலிப்டினம் உலோகத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர்) நல்லது.

ஒருவேளை மறு அளவீடு தேவைப்பட்டால், எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் உள்ள கட்டையான படிகத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரியது அழகாக இருக்கும், உறிஞ்சல் பிழையும் பெரிதாகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை நம் ஊர் ஈரக்காற்றில் உடனே திறக்காதீர்கள்; வெளிப்புறத்தில் வியர்ப்பது நின்று, குப்பி அறைவெப்பத்துக்கு வந்தபின் திறந்து, படிகத்தை நேராக எண்ணெய்க்குள் எடுங்கள். ‘பி’ எச்சரிக்கைக்கு, உறிஞ்சல் திருத்தத்துக்குப் பின் எஞ்சிய சிற்றலை, ரீனியத்திலிருந்து 0.85 ஆங்ஸ்ட்ராம், வேதியியல் பொருள் இல்லை என்று இரண்டு வரி விளக்கம் எழுதிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.