அட்டை மறைப்புக்குப் பின்னால்

வணக்கம் ஐயா,

நான் ஓர் அரசுப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். சென்ற தேர்தலில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. விரலில் மை வைக்கும் வேலை. மதியம் ஒரு பாட்டி வந்தார். விரலை நீட்டிக்கொண்டே, "மகன் சொல்லி அனுப்பிய சின்னம் மறந்துபோய்விட்டதே அம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. பிறகு இயந்திரத்தின் ஒலி கேட்டது.

ஐரோப்பிய அறிவொளிக்காலத் தத்துவவாதிகள்தாம் ஜனநாயகத்துக்கு விதை போட்டவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பகுத்தறிவை அத்தனை உயர்த்திப் பிடித்தவர்கள் இந்த வரிசையைத்தான் மனத்தில் வைத்திருந்தார்களா? ஒரு பேராசிரியரின் வாக்குக்கும் அந்தப் பாட்டியின் வாக்குக்கும் ஒரே எடை என்பதற்கு அவர்களிடம் என்ன நியாயம் இருந்தது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

விதை போட்டவர்கள் என்று ஒரே வரியில் எழுதியது என் அவசரம். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் வாக்குச்சாவடி வரிசையைப் பார்த்திருந்தால் உங்களைவிட அதிகமாகவே முகம் சுளித்திருப்பார்கள். அவர்கள் தேடியது வாக்காளரை அல்ல, புத்தகம் படிக்கிற மன்னரை. வால்டேர் 1750இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கை நம்பிப் போட்ஸ்டாம் போய், மூன்றாம் ஆண்டில் மனக்கசப்போடு கிளம்பினார். டிடரோ அறுபது வயதில் பயணம் செய்து பீட்டர்ஸ்பர்க் போய் ரஷ்யப் பேரரசி கேத்தரீனுக்குப் பாடம் சொல்லிப் பார்த்தார். மக்களே இறையாண்மை உடையவர்கள் என்று 1762இல் எழுதிய ரூசோகூட, தேவர்களாலான ஒரு மக்கள்கூட்டம் இருந்தால்தான் ஜனநாயக ஆட்சி நடத்த முடியும், மனிதர்களுக்கு அது ஒத்துவராது என்று அதே நூலில் சொல்லிவிட்டார். அந்த நூலையும் அவர் பிறந்த ஜெனீவா எரித்தது.

மாண்டெஸ்கியூவை நாம் எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம்: சட்டம் இயற்றுவது, நிறைவேற்றுவது, நீதி வழங்குவது ஆகிய மூன்றும் ஒரே கையில் சேரக் கூடாது. 1748இல் வெளிவந்த அதே நூலில் வேறொன்றும் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் அதைச் சொல்வதில்லை. ஜனநாயகத்தில் மக்கள் வெளிப்படையாகவே வாக்களிக்க வேண்டும் என்கிறார். ஏன்? சாமானியர்களுக்குப் பெரிய மனிதர்கள் வழிகாட்ட வேண்டுமாம். அவர்களுடைய கண்ணியம் சாமானியர்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமாம். உங்கள் பாட்டிக்கு அவர் சொல்லும் தீர்வு, மகனையும் கூடவே உள்ளே அனுப்பிவிடுவதுதான்.

ஜான் லாக்கை விரைவாகக் கடந்துவிடுகிறேன். ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு, நம்பிக்கை கெட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னது பெரிய காரியம். ஆனால் யார் யாருக்கு வாக்கு என்று கேட்டால் அவரிடமும் நேரான பதில் கிடைக்காது.

உங்கள் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டவர் உங்களைப் போலவே கணிதக்காரர். கோந்தோர்சே, பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் நிரந்தரச் செயலாளர். 1785இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு வருகிறது. சரி அல்லது தவறு என்று இரண்டே விடை உள்ள ஒரு கேள்வி. ஒருவர் சரியாகச் சொல்ல 100க்கு 60 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட மூவரில் பெரும்பான்மை சரியாக இருக்க 64.8 வாய்ப்பு. 101 பேர் என்றால் ஏறத்தாழ 98. தனித்தனியே சுமாரானவர்கள் கூடும்போது ஒரு மேதையைத் தாண்டிவிடுகிறார்கள்.

கரும்பலகையில் போட்டுக் காட்டினால் மாணவர்கள் கைதட்டுவார்கள். அடுத்த வரியையும் போடுங்கள். 60ஐ அழித்துவிட்டு 40 என்று எழுதினால் அந்த 101 பேர் சரியாக முடிவெடுக்க வெறும் 2 வாய்ப்புதான். கூட்டம் பெருகப் பெருகத் தவறு உறுதியாகிறது. கோந்தோர்சே இதை மறைக்கவில்லை. அறிவு பெறாத மக்களிடம் ஜனநாயக அமைப்பைக் கொடுப்பது ஆபத்து என்று அப்போது அவரே எழுதினார். சில ஆண்டுகள் வரை சொத்து உள்ளவர்களுக்கே வாக்கு என்ற பக்கம்தான் நின்றார். 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சி அவரை மாற்றியது. 1792 ஏப்ரலில் பொதுக்கல்வித் திட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் வைத்தார்: எல்லோருக்கும் கட்டணமில்லாத பள்ளி, ஆண் பெண் இருபாலருக்கும். வாக்காளரைச் சலித்து எடுப்பதற்குப் பதில் 40ஐ 60 ஆக்குவது என்ற கணக்கு. அந்தத் திட்டத்தை அவையில் வாசிக்கத் தொடங்கிய அன்றே ஆஸ்திரியாமீது போர் அறிவிக்கும் அலுவல் குறுக்கே வந்து, மறுநாள்தான் முடிக்க முடிந்தது. பள்ளிக்கூட விஷயம் என்றால் அன்றைக்கும் அந்த மரியாதைதான்.

அந்தக் கணக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு; பாட்டி வருவது இங்கேதான். ஒவ்வொருவரும் தாமாக முடிவெடுக்க வேண்டும். 101 பேரும் ஒருவர் சொன்னபடியே போட்டால் அது 101 வாக்கு அல்ல, ஒரே வாக்கை 101 முறை எண்ணியது. பாட்டி சின்னத்தை நினைவில் வைத்திருந்து போட்டிருந்தால் மகனுக்கு இரண்டு வாக்கு விழுந்திருக்கும். மறந்ததால், அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் வாழ்க்கையில் எத்தனையாவது முறையோ, தனியாக நின்று யோசிக்க நேர்ந்தது. வெகுநேரம் வரவில்லை என்கிறீர்கள். எனக்கு அந்த வெகுநேரம்தான் உங்கள் கடிதத்தில் பிடித்த இடம். நீங்கள் சின்னத்தைச் சொல்லாமல் விட்டதும்.

சரி, கணக்கு முடிவின் தரத்தைச் சொல்கிறது. சம எடைக்கு நியாயம் அதில் இல்லை. அதற்கு கோந்தோர்சே 1790 ஜூலையில் எழுதிய சிறு கட்டுரைக்குப் போக வேண்டும். பெண்களுக்குக் குடியுரிமை கேட்டு எழுதியது. மனித இனத்தில் ஒருவருக்கும் உண்மையான உரிமை கிடையாது, அல்லது எல்லோருக்கும் ஒரே உரிமை. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்கிறார். உரிமைக்கு அவர் கேட்ட தகுதி, நல்லது கெட்டதை எண்ணிப் பார்க்கக்கூடிய உயிராக இருப்பது மட்டும்தான். பட்டமோ பதவியோ அந்தப் பட்டியலில் இல்லை.

அவரைப் புனிதராக்க வேண்டாம். 1793இல் அவர் முன்வைத்த அரசமைப்பு வரைவில் ஆண்களுக்கு மட்டுமே வாக்கு இருந்தது. புரட்சியில் பதவி இழந்த மன்னர் பதினாறாம் லூயி குற்றவாளி என்று வாக்களித்துவிட்டு, மரண தண்டனைக்கு மட்டும் மறுத்தார். அந்த ஜூலையில் அவரைக் கைது செய்ய ஆணை வந்தது. பாரிஸில் ஒரு விதவையின் வீட்டில் ஒன்பது மாதம் ஒளிந்திருந்து மனித முன்னேற்றத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1794 மார்ச்சில் வெளியேறியவர் பிடிபட்டு, சிறை அறையில் இறந்துகிடந்தார்.

எதைப் படிக்கலாம் என்று கேட்டால் 1790 கட்டுரையைத்தான் சொல்வேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவுறுவதையும் அவ்வப்போது வரும் உடல் உபாதைகளையும் காட்டிப் பெண்களுக்கு உரிமையை மறுப்பவர்களிடம் அதில் ஒரு கேள்வி கேட்கிறார்: குளிர்காலம்தோறும் கீல்வாதத்தில் படுப்பவர்களுக்கும், எளிதில் சளி பிடிப்பவர்களுக்கும் உரிமையை மறுக்க யாருக்கும் தோன்றவில்லையே, ஏன்? சளி பிடிக்காத பேராசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை.