ஏழே முக்கால் வருட அனுபவம் ஒன்பது ஆகுமா?

கேள்வி: சென்னையில் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் புரோகிராமர் நான். 2017 ஜூலை முதல் 2020 மார்ச் வரை மற்ற நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு சிறிய ஸ்டாஃபிங் நிறுவனத்தின் பேரோலில் (சம்பளப் பட்டியலில்) இருந்துகொண்டு ஒரு வங்கியின் புராஜெக்டில் வேலை செய்தேன். ஊரடங்கில் புராஜெக்ட் நின்றது. அந்த வருடம் டிசம்பர் வரை வேலை இல்லை. 2021, 2022 இரண்டு வருடமும் ஃப்ரீலான்ஸ். அதில் 10 மாதம் ஒரே நேரத்தில் இரண்டு கிளையண்டுகள். 2023 ஜனவரி முதல் 2025 டிசம்பர் வரை வேறொரு ஸ்டாஃபிங் நிறுவனத்தின் பேரோல். வேலை பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரர் என் ரெஸ்யூமேயில் ‘9+ வருடம்’ என்று மாற்றி அனுப்பிவிட்டார். இண்டர்வியூவில் நானும் மறுத்துப் பேசவில்லை. ஆஃபர் வந்துவிட்டது, இப்போது பழைய வேலை விவரங்களைச் சரிபார்க்கும் வெரிஃபிகேஷன் படிவம் வந்திருக்கிறது. 2020 இடைவெளிக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ‘ஏற்பாடு’ செய்து தருவதாக அவர் சொல்கிறார். முதல் நிறுவனமோ மூடப்பட்டுவிட்டது, வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முதல் வேலை 33 மாதம், ஃப்ரீலான்ஸ் 24, கடைசி வேலை 36. மொத்தம் 93 மாதம், அதாவது 7 வருடம் 9 மாதம். உங்கள் கன்சல்டன்சிக்காரர் 2017 ஜூலையிலிருந்து நேராக எண்ணி 102 மாதம் ஆக்கி, இரண்டு கிளையண்ட் இருந்த 10 மாதத்தை இன்னொரு முறை கூட்டி 112 ஆக்கியிருப்பார். அதுதான் அந்த ‘9+’.

ஒரு வருட அனுபவம் என்றால் என்ன என்று எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. அதனால் எப்படி எண்ணினாலும் சரி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மொத்தம் எத்தனை வருடம் என்பதில் வாதாட ஓரளவு இடம் உண்டு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, யாரிடம் சம்பளம் வாங்கினீர்கள் என்பதில் இடமே இல்லை. அது முழுக்க முழுக்க ஆவணம் பேசும் விஷயம். ஆகவே தேதிகளை முன்னால் வையுங்கள், கூட்டுத்தொகை அதிலிருந்து தானாக வரட்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு கிளையண்டுக்கு உழைத்தாலும் அது ஒரு மாதம்தான். ஆனால் ஒருவருக்கு ஜாவாவிலும் இன்னொருவருக்கு ரியாக்டிலும் எழுதிக் கொடுத்திருந்தால், இரண்டு தொழில்நுட்பத்திலும் தனித்தனியாக 10 மாத அனுபவம் காட்டலாம். அவற்றைக் கூட்டி மொத்தத்தில் சேர்ப்பதுதான் தவறு. பெஞ்சில் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பில்) இருந்த காலத்துக்குச் சம்பளம் வந்திருந்தால் அதுவும் வேலைக்காலம்தான். உங்கள் 2020இன் ஒன்பது மாதத்துக்குச் சம்பளம் இல்லை, எனவே அது இடைவெளி. அப்படியே எழுதுங்கள். அந்த வருடம் வேலை இழந்தவர் நீங்கள் மட்டுமில்லை, எந்த எச்ஆரும் அதைக் கண்டு அதிர்ச்சி அடையப் போவதில்லை.

இன்னொன்று: நம் ஐடி ரெஸ்யூமேக்களில் ‘7.9’ என்று போடும் வழக்கம் இருக்கிறது. எழுதுபவர் 7 வருடம் 9 மாதம் என்று நினைத்து எழுதுகிறார். படிப்பவர் தசமமாக எடுத்துக்கொண்டால் அது கிட்டத்தட்ட எட்டு. வீண் வம்பு. வருடம், மாதம் என்று பிரித்தே எழுதுங்கள்.

இனி சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மைபோலச் சொல்லி ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைப்பது 17ஆவது பிரிவின்படி மோசடி. அப்படிப் பெற்ற ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது 19ஆவது பிரிவு. ‘அவர்களே விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாமே’ என்ற வாதத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த விதிவிலக்கு 19இல் இருப்பது உண்மைதான். ஆனால் அது தவறுதலாகச் சொன்னதற்கும், சொல்லாமல் விட்டதற்கும்தான். வாயைத் திறந்து சொன்ன பொய்க்கு அது கைகொடுக்காது.

‘மாற்றியது நான் இல்லை, கன்சல்டன்சி’ என்பீர்கள். அவருக்குக் கமிஷன் கொடுப்பது நிறுவனம், எனவே அவர் யாருடைய ஏஜென்ட் என்று வாதாடலாம்தான். ஆனால் மாற்றியது தெரிந்தும் இண்டர்வியூவில் அதையொட்டிப் பேசியிருக்கிறீர்கள். தெரிந்தே ஏற்றுக்கொண்டதாகத்தான் எதிர்த்தரப்பு சொல்லும். உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல செய்தி, இன்னும் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பது.

அந்த ‘ஏற்பாடு’ லெட்டரைத் தொடவே தொடாதீர்கள். இல்லாத வேலைக்கு வாங்கும் சான்று, ரெஸ்யூமேயில் ஒரு எண்ணை ஏற்றிப் போடுவதைவிடப் பல மடங்கு மோசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரிப்பது 336(3) பிரிவின்படியும், போலி என்று தெரிந்தே பயன்படுத்துவது 340(2) பிரிவின்படியும் குற்றம். ஏழு வருடம் வரை சிறை. ஏதோ ஒரு லெட்டர்பேடு கம்பெனி உரிமையாளர் தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது போலி ஆவணம் ஆகுமா என்று எங்களைப் போன்ற வக்கீல்கள் கோர்ட்டில் மணிக்கணக்கில் வாதாடுவோம். ஆனால் ஏமாற்றுதல் என்ற 318ஆவது பிரிவு அப்போதும் நிற்கும். நடைமுறையில் நிறுவனங்கள் பெரும்பாலும் போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதை நம்பி இறங்காதீர்கள். பிஎஃப்பின் யுஏஎன் (வேலை மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது வரிசையாக இருக்கும். அந்த லெட்டர் சொல்லும் ஒன்பது மாதம் அங்கே காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

அதே யுஏஎன்தான் உங்கள் முதல் வேலைக்கும் சாட்சி. சர்வீஸ் ஹிஸ்டரியைப் பதிவிறக்குங்கள். கம்பெனி மூடும்போது விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால், ஆதாருடன் இணைந்த மொபைல் எண்ணை வைத்து பிஎஃப் உறுப்பினர் தளத்தில் நீங்களே பதியலாம். கடைசி பிஎஃப் சந்தா எந்த மாதத்துக்கோ அந்த மாதத்தில் ஒரு தேதியாக இருக்க வேண்டும். நிதானமாகச் செய்யுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு. கூடவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் ஃபார்ம் 16 ஆகியவற்றைச் சேருங்கள். கம்பெனி மூடப்பட்டதற்கு கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அதன் நிலையைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்தால் போதும். ஃப்ரீலான்ஸ் காலத்துக்கு ஒப்பந்தம், இன்வாய்ஸ், டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடித்ததைக் காட்டும் 26ஏஎஸ் படிவம், வருமான வரி ரிட்டர்ன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் ஒப்பந்தக்காரர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் வங்கியின் பெயரைப் போடாதீர்கள். வெரிஃபிகேஷன்காரர் வங்கியின் எச்ஆரைக் கேட்பார், ‘இப்படி ஒருவர் எங்கள் ரோலில் இல்லை’ என்று பதில் வரும். உண்மையாகவே மூன்று வருடம் அங்கே உட்கார்ந்து உழைத்தவர் பொய்யர் ஆகிவிடுவார். பேரோல் நிறுவனத்தின் பெயரை முதலில் போட்டு, கிளையண்ட் என்று தனியாக வங்கியைக் குறிப்பிடுங்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் தடுத்தால் ‘ஒரு தனியார் வங்கி’ என்று எழுதினால் போதும்.

படிவத்தைத் தொடும் முன், புதிய நிறுவனத்தின் எச்ஆருக்கு நீங்களே நேராக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கன்சல்டன்சி அனுப்பிய ரெஸ்யூமேயில் மொத்த அனுபவம் தவறாக உள்ளது, சரியான தேதிகள் இவை, மொத்தம் 7 வருடம் 9 மாதம், 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை வேலை இல்லை, ஆவணங்கள் தயார். இவ்வளவுதான். யார் மேலும் பழி போட வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். ஆஃபர் போகலாம், சம்பளம் குறையலாம். போனால் வழக்குப் போட உங்களுக்கு வலுவில்லை, அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சேர்ந்து ஆறு மாதம் கழித்து வெளியே அனுப்பப்பட்டு, ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கொடுத்து, அடுத்த இடத்தில் அதற்கும் விளக்கம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், இப்போது விலகும் ஸ்டாஃபிங் நிறுவனத்திடம் அனுபவச் சான்றை உடனே, எழுத்தில் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 56ஆவது பிரிவு, ஒப்பந்தத் தொழிலாளி கேட்டால் ஒப்பந்ததாரர் சான்று தர வேண்டும் என்கிறது. வருடாந்திர இன்கிரிமென்ட், பிஎஃப் எல்லாம் தந்து நிரந்தர ஊழியராக வைத்திருந்தோம், எனவே இது பொருந்தாது என்று அவர்கள் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நிரந்தர ஊழியருக்குரிய ரிலீவிங் லெட்டரையே கேளுங்கள். எது தந்தாலும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.