தொழிலும் ஊரும் ஒரே மாதத்தில் மாற வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகனுக்கு மும்பையிலிருந்தும் இங்கே பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்தும் வந்திருக்கும் இரண்டு ஆஃபர் லெட்டரையும் வரி விடாமல் படித்தேன். அந்தத் தம்பியிடமும் போனில் விரிவாகப் பேசிவிட்டேன். “பெண்டாட்டி பிள்ளையோட இருக்கறவன், முப்பத்திமூணு வயசுல புதுத் தொழிலுக்குப் போகலாமா?” என்று கேட்டீர்கள். போகலாம். அதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. என் தயக்கமெல்லாம் தொழிலையும் ஊரையும் ஒரே மாதத்தில் மாற்றுவதில்தான். மும்பை ஆஃபரில் இரண்டும் சேர்ந்து வருகின்றன.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன். தம்பி படித்த படிப்பையும் ஒன்பது வருட அனுபவத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வேலைக்கு ஓடுகிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பீன்யா தொழிற்சாலையில் அவர் பார்ப்பது குவாலிட்டி வேலை. சப்ளையரிடமிருந்து வரும் லாட்டைச் சோதிப்பது, அளவு தப்பினால் ரிஜெக்ட் போடுவது, வாடிக்கையாளர் புகார் அனுப்பினால் காரணத்தைத் தேடி, எட்டுப் படிகளாக அலசும் 8டி ரிப்போர்ட் எழுதுவது. அந்தத் தொழிற்சாலையில், கொள்முதல் முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் எஸ்.ஏ.பி. மென்பொருளைக் கொண்டுவந்தபோது குவாலிட்டி பிரிவின் சார்பில் கீ யூசராக உட்கார்ந்தவரும் அவர்தான். எந்த இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் தானாக விழ வேண்டும், ரிஜெக்ட் ஆன சரக்கு எந்தக் கணக்கில் போய் நிற்க வேண்டும் என்று அதை அமைக்க வந்த கன்சல்டன்டுகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இப்போது மேஜையின் அந்தப் பக்கம் போய் உட்காரப் பார்க்கிறார், அவ்வளவுதான். இதற்கு ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்று பெயர். புரோகிராம் எழுதுகிறவர்கள் வேறு. இந்த வேலைக்குத் தொழிற்சாலையின் நடைமுறை தெரிந்த ஆள்தான் வேண்டும்.

காலமும் சாதகமாக இருக்கிறது. பழைய இ.சி.சி. பதிப்புக்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு முடித்துக்கொள்வதாக எஸ்.ஏ.பி. அறிவித்திருக்கிறது. கூடுதல் கட்டணம் கட்டுபவர்களுக்கு 2030 வரை நீட்டிப்பு உண்டு. அதனால் பழைய பதிப்பில் ஓடும் தொழிற்சாலைகள் எஸ்ஃபோர் ஹானா என்ற புதிய பதிப்புக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்ற வேலை நடக்கும்போதே உள்ளே நுழைந்து, ஒரு தொழிற்சாலையையாவது தொடக்கத்திலிருந்து கோ-லைவ் வரை, அதாவது புதிய சிஸ்டம் ஓடத் தொடங்கும் நாள் வரை, கொண்டுபோன அனுபவத்தைத் தம்பி சம்பாதித்துவிட வேண்டும். இரண்டு ஆஃபரையும் நான் இதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

சரி, பணத்துக்கு வருவோம். மும்பை ஆஃபர் 15 லட்சம், ஒயிட்ஃபீல்டு ஆஃபர் பதினொன்றரை லட்சம். மூன்றரை லட்சம் கூட என்றால் யாருக்கும் மனம் அந்தப் பக்கம்தான் சாயும். லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பிரிப்பைப் பாருங்கள். 15 லட்சத்தில் ஒன்றரை லட்சம் வேரியபிள், அதாவது கூடவோ குறையவோ வரும் பகுதி. ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ். மீதி பன்னிரண்டரை லட்சத்தில், கம்பெனி கட்டும் பி.எஃப். 72,000, கிராஜுவிட்டிக்கென்று ஏறத்தாழ 29,000, மருத்துவக் காப்பீட்டுக்கு 15,000 போய்விடுகிறது. மிச்சத்தை மாதத்துக்குப் பிரித்தால் 94,500. அதிலும் தம்பியின் பங்காக பி.எஃப். 6,000, தொழில் வரி 200 பிடிப்பார்கள். அப்புறம் வருமான வரி. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டிலிருந்து, சம்பளக்காரர்களுக்கு வருடம் 12.75 லட்சம் வரை வரி இல்லை. அதைத் தாண்டிவிட்டால் கீழே இருக்கும் அடுக்குகளுக்கும் சேர்த்து வரி வந்துவிடும். அந்த வரம்பை ஒட்டி நிற்பவர்களுக்குக் கொஞ்சம் நிவாரணம் உண்டு, ஆனால் தம்பி அதையும் தாண்டிப் போய்விடுகிறார். அந்த வேரியபிளும் போனஸுமே அவரை மேலே தள்ளுகின்றன. வருடத்துக்குச் சுமார் 79,000 வரி. எல்லாம் போக மாதம் கைக்கு வருவது 81,700.

ஒயிட்ஃபீல்டு ஆஃபரில் வேரியபிள் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு கழித்தால் மாதம் 87,000 சொச்சம். அவர் பங்கு பி.எஃப். 5,400, தொழில் வரி 200. வருமான வரி இல்லை. கைக்கு வருவது ஏறத்தாழ அதே 81,700. இப்போது வாங்கும் 67,000-ஐ விட இது நன்றாகவே கூட. மும்பையில் நிஜமாகக் கூடுதலாக வருவது வேரியபிளும் போனஸும் சேர்ந்த அந்த இரண்டரை லட்சம்தான். அதில் போனஸ் ஒரே தடவை. ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று லெட்டரிலேயே இருக்கிறது. வேரியபிள், கம்பெனியின் லாபத்தையும் அவருடைய ரேட்டிங்கையும் பொறுத்தது. தொழில் மாறி வந்தவருக்கு முதல் வருடமே நல்ல ரேட்டிங் விழுவது அபூர்வம்.

இங்கே ராமமூர்த்தி நகரில் சொந்த வீட்டில் இருக்கிறீர்கள். அங்கே வாடகை, டெபாசிட், புரோக்கர் கமிஷன், பதினோரு மாதம் முடிந்ததும் புது ஒப்பந்தம் என்று செலவு தொடங்கும். வாடகைக்கான வரிச்சலுகையும் புதிய வரி முறையில் கிடையாது. மாட்டுங்காவில் உறவுக்காரர் இருக்கிறார், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்றீர்கள். ஆபீஸ் இருப்பது நவி மும்பையின் ஐரோலியில். மாட்டுங்காவில் ஏறி, தாணேயில் இறங்கி, டிரான்ஸ் ஹார்பர் ரயிலுக்கு மாறிப் போக வேண்டும். சில வாரம் சமாளிக்கலாம், வருடக்கணக்கில் முடியாது.

இந்தக் கணக்கில் யாருமே சேர்க்காத தொகை ஒன்று இருக்கிறது: உங்கள் மருமகளின் சம்பளம். ஆஸ்பத்திரி லேபில் அவருக்கு நிரந்தர வேலை. குடும்பத்தோடு மும்பை போனால் அவர் ராஜினாமா செய்து, அங்கே தேடி, ஷிஃப்ட் நேரத்துக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கும் தோதாக ஒன்று அமையும்வரை வீட்டுக்கு ஒரு சம்பளம் குறையும். மும்பையின் கூடுதல் பணம் அதற்கே சரியாகப் போகும். தம்பியிடம் “அவங்க என்ன சொல்றாங்க?” என்று கேட்டேன். “இன்னும் சரியா பேசலை” என்றார். ஐயா, இந்தப் பேச்சு முதலில் நடக்க வேண்டும். உங்களிடமும் என்னிடமும் வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

பேத்தி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். கர்நாடகத்தில் 2015 சட்டப்படி பள்ளியில் கன்னடம் படித்தாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2020 சட்டப்படி மராத்தி. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றாலும் விலக்கில்லை. சின்னக் குழந்தை, எதையும் பிடித்துக்கொள்ளும், அது பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் ஒரு வருடம் மராத்தி படித்துவிட்டு வேலை சரிப்படாமல் இங்கே திரும்பினால், மறுபடி கன்னடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். போவதென்றால் இரண்டு வருடமாவது அங்கே இருப்பது உறுதியான பிறகு குழந்தையை அழைத்துப் போவது நல்லது.

அந்த உறுதிதான் மும்பை லெட்டரில் இல்லை. வேலையிடம் ஐரோலி என்று போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் ‘நிறுவனத்தின் தேவைக்கேற்ப இந்தியாவில் எங்கும்’ என்று எழுதியிருக்கிறார்கள். கன்சல்டிங் வேலையில் இது வழக்கமான வாசகம். ஆனால் தம்பியின் பிரிவுக்கு இதன் பொருள் கனமானது. எஸ்.ஏ.பி.யில் குவாலிட்டிக்கான பகுதியை, அதாவது குவாலிட்டி மாட்யூலை, நிறுவும் வேலை ஐரோலியின் கண்ணாடிக் கட்டடத்தில் நடக்காது. அது வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் நடக்கும், புனே பக்கம் சாக்கனில், அல்லது இன்னும் தள்ளி எங்காவது. குடும்பத்தை ஐரோலியில் குடிவைத்துவிட்டு, திங்கள் காலை கிளம்பி வெள்ளி இரவு திரும்புகிறவராக அவர் ஆகலாம். அப்படியானால் குடும்பம் எதற்காக ஊர் மாறியது?

இன்னொன்று, எந்த வகை வேலை என்பதே லெட்டரில் இல்லை. எஸ்.ஏ.பி. வேலையில் இம்ப்ளிமென்டேஷன் ஒன்று, சப்போர்ட் ஒன்று. இம்ப்ளிமென்டேஷனில் தொழிற்சாலைக்காரர்களோடு உட்கார்ந்து நடைமுறையைக் கேட்டு, அதைச் சிஸ்டத்தில் அமைத்து, சோதித்து, ஒரு நாள் குறித்துப் பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிடுவார்கள். தம்பியின் ஒன்பது வருடம் முழுசாகப் பயன்படும் இடம் அது. சப்போர்ட்டில் ஏற்கெனவே ஓடும் சிஸ்டத்தில் வரும் டிக்கெட்டுகளை, அதாவது கோளாறுப் புகார்களை, முடித்துக்கொண்டிருக்க வேண்டும், பெரும்பாலும் ஷிஃப்டில். அதுவும் மரியாதையான வேலைதான். ஆனால் தொழில் மாறி வருபவர் முதல் இரண்டு வருடம் அதிலேயே நின்றுவிட்டால், அடுத்த இன்டர்வியூவில் “எத்தனை கோ-லைவ் பார்த்திருக்கிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. இரண்டும் இல்லாமல் புராஜெக்ட் வரும்வரை பெஞ்சில் உட்காரவைக்கவும் வாய்ப்பு உண்டு. தெரியாத ஊரில், ஆறு மாத புரொபேஷனில் பெஞ்சில் இருப்பது மனதுக்கு எவ்வளவு பாரம் என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு கம்பெனி சின்னது, அறுபது பேர். பெயர் கேள்விப்பட்டதே இல்லை என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம். சோதித்துவிடலாம். பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பி.எஃப். கட்டினார்கள் என்பது மாதவாரியாகத் தெரியும். மாதாமாதம் நேரத்துக்குக் கட்டுகிற கம்பெனி சம்பளத்தையும் பெரும்பாலும் நேரத்துக்குப் போடும். அங்கே வேலை பார்ப்பவர் ஒருவரிடமாவது தம்பி நேரில் பேசட்டும். அவர்களின் லெட்டரில் புராஜெக்ட் எழுதியிருக்கிறது: பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் எஸ்ஃபோர் ஹானா இம்ப்ளிமென்டேஷன், குவாலிட்டி மாட்யூல், ஒரு சீனியரின் கீழ். எனக்கு இந்த ஆஃபரில் பிடித்தது அந்த ஒரு வரிதான். ஒயிட்ஃபீல்டு ஆபீஸுக்கு மெட்ரோவின் பர்ப்பிள் லைன் இருக்கிறது, பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து பொம்மசந்திரா கிட்டத்தில் இல்லை, அலைச்சல்தான். இருந்தாலும் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தொழில் பழகும் வருடத்தில் அது முக்கியம்.

நீங்கள் அரசு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றவர். ஒரே கேட்டுக்குள் போய் வந்து குடும்பத்தை நிமிர்த்தியவர். மகன் வேலையை விடுகிறேன் என்றால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் தம்பி இருப்பது தனியார் தொழிற்சாலை. அங்கேயே இருந்தாலும் ஐம்பத்தெட்டு வயது வரை வைத்திருப்போம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு வழி இன்னும் பாக்கி இருக்கிறது. இப்போதைய கம்பெனியின் எஸ்.ஏ.பி. டீமுக்கே மாற்றல் கிடைக்குமா என்று தம்பி ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். ஆஃபர் கையில் இருப்பதைச் சொல்லாமல் கேட்கட்டும்.

விலகும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. நோட்டீஸ் தொண்ணூறு நாள், ஆனால் இரண்டு கம்பெனியும் நாற்பத்தைந்து நாளில் சேரச் சொல்கின்றன. மீதி நாளுக்கான பணத்தை யார் கட்டுவது என்பது மெயிலில் முடிவாக வேண்டும். படிப்பையும் பழைய வேலையையும் சரிபார்க்கும் பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன் முடிந்தது என்று எழுத்தில் வராமல் ராஜினாமா கொடுக்கக் கூடாது. ஒன்பது வருடம் முடித்திருப்பதால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 9-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 2.08 லட்சம். இதை வீட்டு ரிப்பேருக்கு எடுக்காமல் ஒரு வருடம் அப்படியே வையுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்கவே வேண்டாம், அவருடைய நிரந்தர பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.னில் புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொல்லுங்கள். அவர் முதலில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் 15,000-க்குள் இருந்ததால் இ.பி.எஸ். பென்ஷன் திட்டத்தில் இருக்கிறார். அந்தப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், அவருக்கு ஒன்பது ஆகியிருக்கிறது. இப்போது கணக்கை முடித்துப் பணம் வாங்கினால் அந்த ஒன்பது வருட சர்வீஸும் போய்விடும்.

என் முடிவைக் கேட்டால், ஒயிட்ஃபீல்டு. அதில் இரண்டு வருடம், ஒன்றோ இரண்டோ கோ-லைவ். அதற்குப் பிறகு மும்பையோ வேறு ஊரோ கூப்பிட்டால், தொழில் தெரிந்தவராக, சம்பளத்தோடு வீடு மாற்றும் செலவையும் கேட்டு வாங்குகிறவராகப் போகலாம். ஆனால் மும்பைக் கதவை இப்போதே மூட வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை தம்பி அவர்களின் எச்.ஆருக்கு ஒரு மெயில் அனுப்பட்டும். முதல் புராஜெக்ட் எது, இம்ப்ளிமென்டேஷனா சப்போர்ட்டா, எந்த ஊரில்? புராஜெக்ட் தள்ளிப்போனால் பெங்களூரு ஆபீஸிலிருந்து வேலை பார்க்கலாமா? ஜாயினிங் போனஸில் பாதியை நிரந்தரச் சம்பளத்தில் சேர்க்க முடியுமா? முதல் கேள்விக்குத் தெளிவாக, இம்ப்ளிமென்டேஷன் என்று எழுத்தில் பதில் வந்தால் நான் மறுபடி யோசிப்பேன். அப்போதும் முதல் ஆறு மாதம் அவர் மட்டும் போகட்டும். “சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் நன்றி சொல்லி விட்டுவிடலாம்.

ஒயிட்ஃபீல்டுக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. வியாழன் சாயங்காலம் எனக்கு ஒழிவுதான். வரும்போது மருமகளையும் அழைத்து வாருங்கள். லேபில் அவருக்கு அன்று மாலை ஷிஃப்ட் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், புதன்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன்.