பெரிய பெயரா, சின்னக் கல்லூரியா: தாண்டிக்குடித் தங்கச்சிக்கு

தாண்டிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். ப்ளஸ் டூ முடிக்கப்போகிறாள். வீட்டில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு. அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு மூன்று இடங்களில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு, ஊரெல்லாம் பேர் தெரிந்த பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். ஒரு டாலர் கூட உதவி கிடையாது. மூன்றாவது, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே இரண்டாயிரம் பேருக்கும் குறைவாகப் படிக்கும், கலையும் அறிவியலும் சேர்த்துச் சொல்லித்தரும் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி. செலவில் பெரும்பகுதியை அவர்களே ஏற்கிறார்கள். “அந்தப் பேரை இங்க யாருமே கேள்விப்பட்டதில்லைக்கா. கடன் வாங்கியாவது பெரிய இடத்துக்குப் போன்னு மாமா சொல்றாரு. எதுல சேரட்டும்? குளிர் தாங்குமா? சாப்பாட்டுக்கு என்ன பண்றது? என்னென்ன சாமான் எடுத்துட்டு வரணும்?”

சாமான் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பெரும்பாலான விடுதி அறைகளில் அடுப்புக்கு அனுமதி இல்லை, அதனால் குக்கரைச் சுமக்காதே. பருப்புப்பொடி, ஊறுகாய், உனக்கு வேண்டிய மருந்துகள் சீட்டோடு. மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கும். நீ கீழ்மலை, நான் மேல்மலை, பூம்பாறை. மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கே பூஜ்யத்துக்குக் கீழே 20, 25 டிகிரி போகிற நாட்கள் வரும், அதுவும் பழகிவிடும். குளிர்கோட்டு மட்டும் இங்கே வந்து வாங்கு. மதுரையில் விற்பது இந்தக் குளிருக்கு எடுபடாது.

சின்னக் கல்லூரியில் சேரும்மா, நானும் அப்படி ஒன்றில் படித்தவள்தான். மாமா கோபித்துக்கொண்டாலும் சேர். ஆனால் அதற்கு முன்னால் அவர்கள் அனுப்பியிருக்கும் உதவித்தொகைக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படி. நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாமா சொல்கிற வழிக்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடு. பேர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 75,000 டாலர் என்று வை. நான்கு வருஷத்துக்கு 3 லட்சம் டாலர். நம் பணத்தில் இரண்டரைக் கோடியைத் தாண்டுகிறது. கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்தைத் தாண்டினாலே வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். உன் அப்பா எந்தக் காட்டை எழுதி வைப்பார்? அந்த அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு இளநிலை மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி தருவதில்லை. முதல் வருஷம் எப்படியோ கட்டிவிட்டால் அப்புறம் ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வழியில்லாமல் இரண்டாம் வருஷத்தோடு ஊர் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

இங்கே இருக்கும் நம் ஆட்களிடமும் நீ கேட்டிருப்பாய். அவர்கள் சொல்வதை எடைபோட்டுக் கேள். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் பலர் ஊரில் பி.ஈ. முடித்து இங்கே எம்.எஸ். படிக்க வந்தவர்கள், இல்லையென்றால் கம்பெனி அனுப்பி வந்தவர்கள். முதுநிலைப் படிப்புக்கு எந்த இடம் பெரிது என்பது அவர்களுக்கு அத்துப்படி. பதினெட்டு வயதில் இங்கே வந்து இளநிலை படிப்பது எப்படி இருக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பொங்கல் விழாவில் இலை போடும் முன்பே “நீங்க எந்த யூனிவர்சிட்டி?” என்பார்கள். என் கல்லூரிப் பேரைச் சொன்னதும் பேச்சு சட்டென்று வீடு, வட்டி விகிதம் என்று திரும்பிவிடும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு அதில் வருத்தம் உண்டு. தங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் வயது வந்ததும் இதே ஆட்கள்தான் தனியாக ஃபோன் போட்டு, அந்தச் சின்னக் கல்லூரிகளில் எப்படி இடம் வாங்குவது என்று விசாரிக்கிறார்கள்.

பெரிய பல்கலைக்கழகத்தின் பேர் எதனால் வந்தது? அங்கே நடக்கும் ஆராய்ச்சியால். அதைச் செய்பவர்கள் பேராசிரியர்களும் பிஎச்.டி. மாணவர்களும். முதலாண்டு வேதியியல் வகுப்பில் நீ முந்நூறு பேரோடு அரங்கத்தில் உட்கார்ந்திருப்பாய். உன் தாளைத் திருத்துவது பெரும்பாலும் ஒரு முதுநிலை மாணவராக இருக்கும். சில இடங்களில் கணினிப் பாடத்துக்கு நெரிசல் அதிகம். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டு வாங்காதவர்கள் பிறகு மாறுவது குதிரைக்கொம்பு. நான் படித்த இடத்தில் முதுநிலை மாணவர்களே கிடையாது. வேதியியல் துறையில், மூலக்கூறுகளின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி ஒன்று இருந்தது. இரண்டாம் ஆண்டுக் கோடையில் பேராசிரியர் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயை என் கையில் கொடுத்து, விரல் ரேகை போகத் துடை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடி, உள்ளே தூசி மிதக்கிறதா பார், திரவம் மூன்று விரற்கடை உயரம் இருக்கிறதா பார் என்று பக்கத்தில் நின்று சொல்லித்தந்தார். அந்தக் கோடை முழுக்க அந்தக் கருவி என் பொறுப்பில் இருந்தது. அவர் எனக்காக எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் என் வேலையைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்திருந்தார். இன்று மினசோட்டாவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன் என்றால் அந்த இரண்டு பக்கத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

“ஆர்ட்ஸ் காலேஜுக்கா அமெரிக்கா போகணும்?” என்று மாமா கேட்டால் சொல்: அங்கே கணிதமும் இயற்பியலும் கணினியும் முழுமையாக உண்டு. அயோவாவில் இருக்கும் க்ரினெல் கல்லூரியில் படித்த தாமஸ் செக் 1989-இல் வேதியியல் நோபல் வாங்கினார். இன்டெலை ஆரம்பித்த இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸும் அங்கே படித்தவர்தான். 2020-இல் அதே நோபலை வாங்கிய ஜெனிஃபர் டௌட்னா கலிஃபோர்னியாவில் பொமோனா கல்லூரி மாணவி. படித்து முடித்தவர்களில் எத்தனை பங்கு பேர் பிஎச்.டி. வரை போகிறார்கள் என்று பார்த்தால் ஸ்வார்த்மோர், கார்ல்டன், ரீட் போன்ற சின்னக் கல்லூரிகள் முன்வரிசையில் நிற்கின்றன. உன் அம்மாவுக்கு ஆண்பிள்ளைகளோடு படிப்பது கவலை என்றால் ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், பிரின் மார் என்று பெண்கள் கல்லூரிகளே இருக்கின்றன.

நம் மலைக்கும் இது புதிதில்லை. 1845-இல் கொடைக்கானலில் முதலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் மதுரையிலிருந்து மலையேறிய அமெரிக்க மிஷனரிகள். 1881-இல் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரி அந்த மிஷனின் வழியில் வந்ததுதான். ஒஹாயோவின் ஓபர்லின் கல்லூரியில் படித்து முடித்த இளைஞர்கள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து தங்கிப் பாடம் சொல்லித்தந்த வழக்கம் நெடுநாள் இருந்தது. மதுரையில் அந்த இரண்டு கல்லூரிகளில் படித்தவர்கள் யாரையாவது உன் மாமாவுக்குத் தெரிந்திருக்கும். அவர்களைக் காட்டு.

இனி அந்தக் கடிதம். அதில் மூன்று வகைப் பணம் ஒரே பட்டியலில் கலந்திருக்கும்: திருப்பித் தர வேண்டாத மானியம், கடன், வளாகத்தில் வேலை செய்து நீ சம்பாதிக்க வேண்டிய தொகை. மூன்றாவதை அவர்கள் தருவதாக நினைத்துக் கூட்டாதே, அது உன் உழைப்பு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை செய்யலாம். வெளியே பெட்ரோல் பங்கில், ஓட்டலில் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யச் சொல்லும் நம் ஆட்கள் இருப்பார்கள். கண்டிப்பாகக் கூடாது, பிடிபட்டால் விசாவே போய்விடும்.

அடுத்து, கட்டணம் வருஷாவருஷம் ஏறும். மானியமும் கூடவே ஏறுமா, நான்கு வருஷத்துக்கும் உறுதியா, அதற்கு மதிப்பெண் நிபந்தனை உண்டா? மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வை. மருத்துவக் காப்பீடு பட்டியலில் இருக்கிறதா என்று பார். என் கடிதத்தில் அது இல்லை. வந்திறங்கிய ஆகஸ்ட் மாதமே ரசீது வந்து நின்றது. உதவித்தொகை அலுவலகத்துப் பெண் “எல்லா மாணவர்களுக்கும் தெரிந்த விஷயம்தானே” என்றாள். எந்த மாணவருக்குத் தெரியும்? வடுகபட்டி சந்தையில் பூண்டு மூட்டை விற்று அனுப்பிய பணம் அப்பாவுடையது. அடுத்த மூட்டை விலை போகும் வரை நான் அந்த அலுவலகத்துக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

இன்னொன்றை ஊரில் எந்த ஏஜெண்டும் சொல்லமாட்டான். கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரும் மானியத்துக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதிக்கு வரி உண்டு. வெளிநாட்டு மாணவர் என்றால் 14 சதவீதம் பிடிப்பார்கள், அது உன் கணக்கில் பாக்கியாக ஏறி நிற்கும். பயப்படாதே. இந்திய மாணவர்களுக்கு அமெரிக்காவோடு உள்ள வரி ஒப்பந்தத்தில் ஒரு கழிவு இருக்கிறது. அதைக் காட்டி ஏப்ரல் 15-க்குள் 1040-என்ஆர் என்ற வரிப் படிவம் போட்டால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பி வர வாய்ப்பு உண்டு. அதுவரை அந்தத் தொகையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

டிசம்பரில் பல கல்லூரிகள் விடுதியைப் பூட்டிவிடும். ஊருக்கு வந்துபோக டிக்கெட் விலை தாங்காது. விடுமுறையில் தங்க இடம் உண்டா, அதற்குத் தனிக் காசா என்று இப்போதே கேள். சின்ன ஊரில் பஸ்ஸும் இருக்காது. தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் பஸ் கூட அங்கே கிடையாது, விமான நிலையத்துக்குக் கல்லூரி வண்டி விடுகிறதா பார்.

இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால் கவனமாக இரு. ஸ்வார்த்மோர், ஸ்மித், ஹார்வி மட் போன்ற சில சின்னக் கல்லூரிகளில்தான் அது உண்டு. மற்றவை மூன்று வருஷம் இங்கே, இரண்டு வருஷம் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் என்று ஒரு திட்டம் காட்டும். கேட்க நன்றாக இருக்கும். அந்த இரண்டு வருஷத்துக்கு வெளிநாட்டு மாணவருக்குப் பணம் யார் தருவார் என்று கேட்டால் பதில் வராது. உன் முதன்மைப் பாடத்தை அமெரிக்க அரசாங்கம் எந்தக் குறியீட்டில் வைத்திருக்கிறது என்றும் பார். படித்து முடித்ததும் ஓபிடி என்று 12 மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பக் குறியீடு என்றால் இன்னும் 24 மாதம். பொருளாதாரம் ஒரு கல்லூரியில் அந்தக் குறியீட்டில் இருக்கும், பக்கத்துக் கல்லூரியில் இருக்காது. எச்-1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கலில் பேர் விழ எத்தனை வாய்ப்பு உனக்குக் கிடைக்கும் என்பது இதைப் பொறுத்தது. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் ஆலோசனை மையம் நடத்துகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களில் பலருக்கு எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அதுதான் நல்ல கல்லூரி.

சாப்பாடு கேட்டிருந்தாய். முதல் மாதம் அழுகை வரும், பிறகு பழகும். நான் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்தேன். விடியும் முன் ஷிஃப்ட். தட்டுகள் ஓடும் பட்டையில் வந்துகொண்டே இருக்கும், பான்கேக் பாகு ஒட்டியிருக்கும், ஆவி முகத்தில் அடிக்கும். என் பக்கத்தில் நின்றவள் நேபாளத்துக்காரி. அவளும் மலைக்காரி, உருளைக்கிழங்கு போடும் வீடு. அடுத்த பக்கம் அயோவாப் பண்ணைக்காரர் மகன். சோளத்துக்கு என்ன விலை, பூண்டுக்கு என்ன விலை என்று மூன்று பேரும் பேசிக்கொண்டே கழுவுவோம். இந்த நாட்டு ஜனங்களோடு எனக்கு ஒட்டுதல் வந்தது அங்கேதான். பெரிய நகரங்களில் நம் பிள்ளைகள் நாலு பேர் ஒரு வீடெடுத்து, நம் படம், நம் கடை, நம் சண்டை என்று நான்கு வருஷத்தையும் ஓட்டிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாமலே குடியுரிமை வாங்குகிறவர்கள் உண்டு.

முதல் டிசம்பரில் அந்த வேதியியல் பேராசிரியர் வீட்டில்தான் தங்கினேன். அவர் மனைவி சூப் வைத்தார், பூண்டு ஒரே ஒரு பல் போட்டார். அம்மா பொட்டலம் கட்டித் தந்திருந்த மலைப்பூண்டு என்னிடம் இருந்தது. உரித்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர் என்று கேட்டார். வரைபடத்தை விரித்துப் பழனி மலையைத் தேடினோம். கொடைக்கானல் என்ற பேரைப் பார்த்ததும் பேராசிரியர் எழுந்து வந்தார். அவருக்கு அந்தப் பேர் முன்பே தெரியும், சூரிய ஆய்வுக்கூடத்தால். சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளியே பாய்வதை 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டது நம் மலையில்தானே. பள்ளியில் எங்களைச் சுற்றுலா கூட்டிப்போன அந்தக் கட்டடத்தைப் பற்றி அன்று ராத்திரி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மே 1-க்குள் பதில் சொல்ல வேண்டும் என்று உன் கடிதத்தில் இருக்கும். அதற்கு முன் மூன்று கடிதங்களையும் பக்கம் விடாமல் எனக்கு அனுப்பு. உன் பேரையும் விண்ணப்ப எண்ணையும் மறைத்துவிட்டு அனுப்பு. மானியம் எது, கடன் எது, வேலை எது என்று குறித்துத் தருகிறேன். காப்பீட்டைப் பற்றி மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே கேட்டுவிடு.